ஏழு மீட்டர் பாதை

சாரி-கப்தால்,
12 மார்ச் 1997

அன்புள்ள தம்பி குபாத்துக்கு,

நீயும் உன்னைச் சேர்ந்த உயிர்களும் ஆடு மாடும் சுகமா? அல்மாட்டியில் வாடகை அறையில் இருப்பவனிடம் ஆடு மாட்டைக் கேட்கிறாளே என்று சிரிக்காதே. அதைக் கேட்காமல் எனக்குக் கடிதம் எழுத வராது. இங்கே நானும் உன் அத்தான் எசெனும் மகள் நூர்ஸாத்தும் சுகம். மாமாவுக்குத்தான் இந்தக் குளிரில் மூச்சு இழுத்தது. இப்போது பரவாயில்லை. நேற்று தேநீரில் பால் குறைவு என்று மருமகள் என்னோடு சண்டைக்கு வந்தார், அதனால் தேறிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

நூர்ஸாத்துக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்தது உனக்குத் தெரியும். வகுப்பு பிற்பகலில் தொடங்குகிறது. முடித்துவிட்டு நெடுஞ்சாலையில் வந்து இறங்கினால் அங்கிருந்து எங்கள் குடியிருப்புக்கு நான்கு கிலோமீட்டர் நடை. சேறு, நாய்கள், இருட்டு. போன வாரம் எவனோ ஒருவன் காரை அவள் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். உன் அத்தான் வாயைத் திறப்பதே அபூர்வம், அன்று திறந்தார். "அடுத்த குளிருக்குள்ள பஸ் வரலைன்னா படிப்பு போதும். எனக்குப் புள்ளதான் முக்கியம்." திறந்தால் மாற்றிக்கொள்ள மாட்டார்.

நகர அலுவலகத்துக்குப் போனேன். மனை கொடுக்கிறவர் அறையும் பேருந்து விடுகிறவர் அறையும் எதிரெதிரே இருக்கின்றன. மனைக்காரர் சொல்கிறார்: "இடம் குடுக்கறதுதான்மா எங்க வேலை. அங்கேருந்து எப்படிப் போவீங்க வருவீங்கன்னு எதிர் ரூம்ல கேளுங்க." எதிர் அறைக்காரர் சொல்கிறார்: "எங்க படத்துல அங்க வெறும் வயல்தானே இருக்கு அக்கா. வயலுக்கு எப்படி பஸ் விடறது?" நாங்கள் அந்த வயலில் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறோம்!

நீ பேருந்துப் பாதை வரைகிற வேலையில்தானே இருக்கிறாய்? ஊரான் பாதையை வரைந்தது போதும், எனக்கு வழி சொல்.

உன் அக்கா,
மைராம்


அல்மாட்டி,
2 ஏப்ரல்

மதிப்புக்குரிய மைராம் அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? மாமாவின் மூச்சு எப்படி இருக்கிறது? நான் நலம். என் ஆடு மாடுகளும் நலம், அதாவது ஒரு பூனை. அதுவும் பக்கத்து அறைக்காரருடையது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உட்கார முடியவில்லை. என் அலுவலகத்திலும் இதே கதைதான். வீடு வரைகிறவன் ஒரு மாடியில், பாதை வரைகிறவன் இன்னொரு மாடியில். இரண்டையும் ஒரே தாளில் வரைந்தால்தான் மனிதன் வாழ முடியும் என்று நான் சொன்னால் என் மேலதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வேலைக்கு வந்துபோகவே எனக்கு ஒரு நாளில் பாதி போகிறது. அதைச் சொன்னால் வீட்டை மாற்று என்கிறார்.

முதலில் உங்கள் தெருவை அளங்கள். பேருந்து போய் வர ஏழு மீட்டர் வேண்டும். நீங்கள் எல்லோரும் முதலில் வீட்டைக் கட்டிவிட்டு மிச்சம் இருந்ததைத் தெரு என்று சொன்னவர்கள், அதனால் வேலிகள் வெளியே வந்திருக்கும். பிறகு, பேருந்து திரும்ப ஓர் இடம் வேண்டும். மேல் கோடியில் பள்ளிக்கூடத்துக்கு விட்ட நிலம் இன்னும் காலியாக இருந்தால் அதை யாரும் வளைத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளி, மருந்தகம், மாவுக்கடை எல்லாம் அந்தத் திருப்பத்தைச் சுற்றி வரட்டும். அப்போது பேருந்து போகும்போதும் ஆள் இருக்கும், வரும்போதும் ஆள் இருக்கும். காலியாகத் திரும்பும் பேருந்தை எந்த ஊரிலும் நிறுத்திவிடுவார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் உடையவர் பெயரும் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்பதும் போட்டு ஒரு படம் அனுப்புங்கள்.

தம்பி,
குபாத்


சாரி-கப்தால்,
28 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே? பூனையும் சுகமா? இங்கே எல்லோரும் சுகம். மாமா வெயிலில் உட்காருகிறார்.

கேள். ஒரு மூட்டை போர்சோக் ரொட்டி பொரித்து எடுத்துக்கொண்டு நகர அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு அறைக்கும் நடுவில், நடைபாதையில், தரையில் விரிப்பை விரித்தேன். தேநீர்க் குடுவையை வைத்தேன். காவலாளி ஓடி வந்தான். "என்னக்கா இது, கல்யாண வீடா?" "ஆமாப்பா, மாப்பிள்ளை இந்த ரூம்ல, பொண்ணு அந்த ரூம்ல, ரெண்டு பேரும் வெளிய வர மாட்டேங்கறாங்க" என்றேன். விரிப்பு விரித்த இடத்தை ரொட்டி பிய்க்காமல் தாண்டிப் போக நம் ஆட்களுக்குக் கால் வருமா? இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். பத்து வருடமாக எதிரெதிரே இருக்கிறார்கள், சேர்ந்து தேநீர் குடித்தது அன்றுதானாம். கடைசியில் பேருந்துக்காரர் சொன்னார்: "பாதைய சரி பண்ணிக் குடுங்க, செப்டம்பர்ல வெள்ளோட்டம் விடறேன். போக முடியலைன்னா அந்த பஸ் மலைப்பக்கக் குடியிருப்புக்குப் போயிடும். அவங்களும் க்யூல நிக்கறாங்க."

இங்கே கூட்டம் போட்டோம். எல்லோருக்கும் பேருந்து வேண்டும், அடுத்தவன் வாசல் வழியாக. எங்கள் குடியிருப்புத் தலைவர் ஷார்ஷே கத்துகிறார்: "என் வேலிய நான் நகத்திட்டா எங்க வீட்டுக் குதிரை எங்க நிக்கும்? பஸ்ல நிக்குமா?" நான் விடவில்லை. "உங்க குதிரைய விட எங்க வீட்டுப் பொண்ணு ஒஸ்தி" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு வீடு வீடாகக் கயிறு பிடித்து அளந்தேன். படம் இத்துடன் இருக்கிறது.

உன் அக்கா,
மைராம்


அல்மாட்டி,
20 மே

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் நலம், உங்கள் நலம் கேட்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம்.

படம் பிரமாதம். நடைபாதையில் விரிப்பு விரித்த கதையை அலுவலகத்தில் சொன்னேன், மேலதிகாரிகூட ஜன்னலிலிருந்து திரும்பினார்.

ஒன்று மட்டும். தெருவின் இரு பக்கமும் எல்லா வீட்டுக்கும் பெயரும் அளவும் இருக்கின்றன. நடுவில் ஒரு வீடு வெறும் கட்டமாக இருக்கிறது. அது உங்கள் வீடுதானே?

தம்பி,
குபாத்


சாரி-கப்தால்,
15 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இரு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும் வேலை, விருந்தாளிகள், அது இது.

எங்கள் மனை மாமா பெயரில் இருக்கிறது. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதுமில்லை, கையால் எழுதுவதுமில்லை. அதனால் கட்டத்தை வெறுமையாக விட்டேன். இதுகூடத் தெரியாத அளவுக்கு நீ நகரத்துக்காரனாகிவிட்டாயா?

ஷார்ஷே வேலியை நகர்த்திவிட்டார். மற்றவர்களும் நகர்த்திவிட்டார்கள். சிலர் என்னைத் திட்டிக்கொண்டே நகர்த்தினார்கள்.

சரி, சொல்லிவிடுகிறேன். இதுவரை எழுதிவிட்டு மூன்று நாள் அஞ்சலில் போடாமல் வைத்திருந்தேன். எங்கள் வீட்டின் முன்னறை தெருவில் இருக்கிறது. முழுசாகவே தெருவில் இருக்கிறது. மாமா இங்கே வந்த வருடம் தன் கையால் மண்ணும் வைக்கோலும் மிதித்துச் செங்கல் அறுத்துக் கட்டிய அறை. அதில்தான் படுத்திருக்கிறார். தெருப் பக்கம் ஒரு ஜன்னல் வைத்தார். நூர்ஸாத் வரும் நேரத்துக்கு அந்த ஜன்னலில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் வந்து அவருக்குப் பால் சுடவைத்துக் கொடுத்த பிறகுதான் படுப்பார்.

எல்லார் வேலியையும் நகர்த்தியவள் நான். இனி நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

உன் அக்கா,
மைராம்


அல்மாட்டி,
3 ஆகஸ்ட்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

எல்லோரும் நலமா?

பெயர் வேண்டாம் அக்கா, அளவு போதும் எனக்கு. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். அந்த அறை இருந்தால் பேருந்து போகாது. எப்படித் திருப்பினாலும் போகாது. பின் தெருவைப் பார்த்தேன், அங்கே வாய்க்கால். பேருந்து உங்கள் வீட்டோடு நின்று திரும்பட்டும் என்றால் திரும்ப இடமில்லை, மேல் தெருக்காரர்களும் விட மாட்டார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதே வேலையாக உட்கார்ந்தேன்.

மாமாவிடம் பேசிப் பார்த்தீர்களா? உள்ளறைக்கு மாறச் சொல்ல முடியாதா?

அவர் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி,
குபாத்


சாரி-கப்தால்,
25 ஆகஸ்ட்

குபாத்,

சுகமா? நாங்கள் சுகம்.

பேசினேன். எசென் பேச மாட்டார், அப்பா முன்னால் அவருக்கு நாக்கு எழாது. நான்தான் தேநீரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். "மருமகளே, பஸ் வந்தா புள்ள நேரா வாசல்ல வந்து எறங்கிடும். அப்புறம் நான் யாருக்கு வெளக்கு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறது?" நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். "உள் ரூம் சூடா இருக்கும் மாமா" என்றேன். முகம் மாறிவிட்டது. "உள் ரூம்ல செவரத்தான் பாக்கணும். நான் செத்த அப்புறம் இடிச்சுக்கோ. அதுவரைக்கும் என் செவத்துல ஒருத்தன் கை வைக்கக் கூடாது."

அதன் பிறகு ஒருநாள் அவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு கிண்ணம் கஞ்சி. தட்டை எடுத்துக்கொண்டு சமையல் பக்கம் வந்தவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? எழுதவே கை கூசுகிறது. ஐயோ, தேறிவிட்டாரே என்று தோன்றியது. வெள்ளோட்டம் செப்டம்பர் இருபத்துநான்கு. நான் மனதுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன் தம்பி.

நீயும் ஒவ்வொரு கடிதத்திலும் அவர் உடம்பை விசாரிக்கிறாய். முன்பெல்லாம் அது மரியாதை. இப்போது படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. கேட்காதே.

மைராம்


அல்மாட்டி,
9 செப்டம்பர்

அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நூர்ஸாத்தும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்க மாட்டேன். ஆனால் அதைக் கேட்காமல் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்தேன்.

வெள்ளோட்டத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று உங்கள் பேருந்துக்காரருக்குத் தந்தி அடித்தேன். முடியாதாம், மலைப்பக்கத்துக்காரர்கள் பாதையைச் சரிசெய்துவிட்டார்களாம். நூர்ஸாத் இந்தக் குளிருக்கு என்னோடு வந்து இருக்கட்டும், இங்கே ஒரு கல்லூரி பார்க்கிறேன் என்று எழுதலாமா என்றும் நினைத்தேன். இங்கிருந்து கல்லூரிக்குப் போகவும் பேருந்து சரியாக இல்லை. சிரிக்காதீர்கள்.

குபாத்


சாரி-கப்தால்,
10 அக்டோபர்

அன்புத் தம்பிக்கு,

சுகமா? உனக்குச் செய்தி எட்டியிருக்கும். மாமா போய்விட்டார். செப்டம்பர் இருபத்திரண்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. கஷ்டப்படவில்லை. தண்ணீர் கேட்டார், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீடு என்றால் வாசலில் கம்பளிக் கூடாரம் போட வேண்டும், அதில் அவரைக் கிடத்த வேண்டும், பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். எங்களுக்கு வாசல் ஏது? தெருதான் வாசல். ஆண்கள் கூடாரக் கழிகளைத் தூக்கிக்கொண்டு வந்து தெரு நடுவில் போட்டார்கள். நான் ஷார்ஷேயிடம் போனேன். "நாளைக் கழிச்சு பஸ் வருதே, கூடாரம் ரோட்டுல நின்னா எப்படிப் போகும்?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவர் செத்துக் கெடக்கறாரு, இப்ப என்னம்மா பஸ்ஸு? வராட்டி போகட்டும்."

வராவிட்டால் திரும்ப வராது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

முதலில் நான் கூந்தலை அவிழ்த்து ஒப்பாரி தொடங்கியிருக்க வேண்டும். மருமகள் குரல்தான் முதலில் எழ வேண்டும், அப்போதுதான் அக்கம்பக்கம் அழும். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். "மொதல்ல மாமாவை உள்ளறைக்கு மாத்துங்க. இந்த ரூமை இடிக்கணும். கூடாரத்த நம்ம மனையிலயே, பின்னால கெழங்குத் தோட்டத்துல போடுவோம்." ஒரு கிழவி வாயில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுக்குத்தான் காத்திருந்தா பாரு." நான் முதல் குத்து குத்தினேன். எசென் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்து கடப்பாரையை வாங்கி அவரே இடித்தார். அழுதுகொண்டே இடித்தார்.

இருபத்துநான்காம் தேதி பேருந்து வந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டார். சாவு வீட்டுக்கு யாரும் வண்டியில் வந்து இறங்க மாட்டார்கள் அல்லவா? இரண்டு அதிகாரிகளும் தூரத்திலேயே இறங்கி, "ஐயா, என் மலையே!" என்று சத்தமாக அழுதபடி நடந்து வந்தார்கள். பார்த்தே இராத மனிதருக்காக நன்றாகவே அழுதார்கள். சாப்பிட்டார்கள். பிறகு பேருந்துக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாக்கெட்டிலிருந்து நாடாவை எடுத்து அளந்தார். ஏழு மீட்டர் இருந்தது.

இப்போது பேருந்து ஓடுகிறது. காலையிலிருந்து இரவு வரை. மேல் கோடியில் திரும்புகிறது, அங்கே ஒருத்தி மாவுக்கடை போட்டுவிட்டாள். பாலை நகரத்துக்கு எடுத்துப் போகிறார்கள். என்னைத் திட்டியவர்கள்தான் முதலில் ஏறுகிறார்கள்.

உன் அக்கா,
மைராம்


அல்மாட்டி,
2 நவம்பர்

அக்காவுக்கு,

மாமாவுக்கு இங்கே ரொட்டி சுட்டு வைத்து, தெரிந்த அளவுக்கு ஓதினேன். வர முடியாமல் போனதற்கு மன்னியுங்கள். தெரு ஏழு மீட்டர் என்று எழுதிய கையால் இப்போது வேறு எந்த எண்ணையும் எழுதப் பிடிக்கவில்லை. வேலையில் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன், மேலதிகாரி மாதிரியே ஆகிவிடுவேன் போலிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஓட்டுநர் இருக்கிறார், மாவுக்கடைக்காரி இருக்கிறாள், பால்காரர்கள் இருக்கிறார்கள். நூர்ஸாத் ஒரு வரியில்கூட இல்லை. அக்கா, அவள் பேருந்தில் போகிறாள்தானே?

குபாத்


சாரி-கப்தால்,
6 டிசம்பர்

அன்புத் தம்பி,

நீ சுகமாக இரு.

போகவில்லை. நடக்கிறாள்.

மாமா போன அன்று அவள் கல்லூரியில் இருந்தாள். யாரும் போய்ச் சொல்லவில்லை, எனக்கு நினைவே வரவில்லை. வழக்கம்போல நெடுஞ்சாலையிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். தெரு முனையில் திரும்பியதும் ஜன்னல் விளக்கைத் தேடியிருக்கிறாள். விளக்கும் இல்லை, ஜன்னலும் இல்லை, சுவரே இல்லை. மண்மேடு. புழுதி முகத்தோடு நான் நிற்கிறேன். "அம்மா, தாத்தாவ எங்கம்மா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் இறந்ததே தெரியாது அவளுக்கு. உயிரோடு இருக்கிறவரை நகர்த்திவிட்டு இடித்தேன் என்று நினைத்திருக்கிறாள். அதன் பிறகு உண்மை தெரிந்தும் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. பேருந்து வாசலில் வந்து நிற்கும், அவள் அதன் பக்கத்தில் நடந்து போவாள். எசென் சொல்லிப் பார்த்தார். "படிப்ப நிறுத்தறதுன்னா நிறுத்துங்க, இதுல ஏற மாட்டேன்" என்றுவிட்டாள்.

நான் சந்தைக்கு அதே பேருந்தில்தான் போகிறேன். ஜன்னல் வழியாக அவள் தலைத்துணி பின்னால் போவதைப் பார்ப்பேன். யாருக்காக இவ்வளவும் செய்தேன், தம்பி? என்னால் உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

முந்தாநாள் பனி கொட்டியது. பாதையும் வயலும் ஒன்றாகிவிட்டன. பாதி வழியில் அவளைப் பார்த்தேன், முழங்கால் வரை பனி. ஓட்டுநர் நிறுத்தாமலே கதவைத் திறந்து, "ஏறும்மா" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "நிறுத்துங்க" என்று கத்திவிட்டு நான் இறங்கினேன். பேருந்து போனது. நான் அவள் பக்கத்தில் நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள், என்னைப் பார்க்காமலே: "தாத்தாவுக்கு நீங்க அழுதீங்களாம்மா?"

"கூடாரத்துல அழுதேனே."

"நான் உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன். வாய் அசைஞ்சுது. சத்தம் வரலை."

உண்மைதான். வரவில்லை. காத்திருந்தவள் எப்படி அழுவாள்? எல்லோரும் நடிப்பு என்று சொல்வார்களே என்று பயந்தேன். மூன்று நாளும் வாயை மட்டும் அசைத்தேன்.

"நான் நாள் எண்ணினேன்டி" என்றேன். "அவரு கஞ்சி குடிச்சா எனக்கு வயிறு எரிஞ்சுது. உனக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அப்படியும் அது பாவம்தான்."

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். அப்போதுதான் வந்தது. பனியில் மண்டியிட்டு, நடுப்பாதையில், என் மாமாவுக்கு ஒப்பாரி வைத்தேன். தேநீரில் பால் போதாதென்ற மாமா, என் பிள்ளைக்கு வெளிச்சம் வைத்த மாமா, வெளிச்சத்தை இடித்த கையைப் பாருங்கள் மாமா என்று, என்னென்னவோ வந்தது. குரல் எனக்கே பயமாக இருந்தது. நூர்ஸாத் குனிந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளும் சேர்ந்து பாடினாள்.

முடித்து நிமிர்ந்தபோது, எங்களை விட்டுப் போன அதே பேருந்து சற்று முன்னால் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சத்தமே இல்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரியாது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. உன் அட்டவணையில் இதற்கு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறாயா என்று எனக்குத் தெரியாது.

நூர்ஸாத் என் கையிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். "வாங்கம்மா, வெரலெல்லாம் நீலமாயிடுச்சு" என்றாள். முதலில் என்னை ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள்.

பேருந்து நிறைந்திருந்தது. ஷார்ஷே எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

உன் அக்கா,
மைராம்